கிணற்றுப் பக்கத்தின் விலை

சித்திரை முதல் நாள் காலையில் அண்ணி வீட்டுக்குப் போவது எனக்கு முப்பது வருடப் பழக்கம். ஒரு கையில் மாங்காய்ப் பச்சடிக் கிண்ணம், இன்னொரு கையில் ஒரு தாள். பச்சடி என் மனைவி செய்தது, தாள் நான் எழுதியது. 'தங்கள் பாகத்திலுள்ள கிணற்றிலிருந்து தங்கள் அனுமதியின் பேரில் மட்டுமே தண்ணீர் எடுத்து வருகிறேன். இதில் எனக்கு எவ்வித உரிமையும் இல்லை' என்று அதில் இருக்கும். கிணறு என் பாகத்தில் இருக்கிறது, தண்ணீர் எடுக்க வருவது அவர்கள். அண்ணன் இருந்தவரை அண்ணன் கையெழுத்துப் போட்டார். அவர் போன பிறகு அண்ணி போட்டார். அடுத்தவர் கிணற்றில் ஒருவர் கேட்காமல் இருபது வருடம் தொடர்ந்து தண்ணீர் எடுத்தால் அது அவருடைய உரிமையாகிவிடும், அனுமதி வாங்கி எடுத்தால் ஆகாது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் உட்கார்ந்தவனுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி? அந்தத் தாள்கள் எல்லாம் என் பீரோவில் வருட வரிசைப்படி இருக்கின்றன.

இந்த வருடம் அண்ணி பச்சடியை வாங்கிக்கொண்டார். தாளை வாங்கவில்லை.

"இந்த தபா நான் கையெழுத்து போடல தம்பி. நீங்க இதுல போடுங்க" என்று சொல்லி, தேதி காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த உறையை எடுத்து நீட்டினார்.

உள்ளே ஒரே கடிதம் இரண்டு பிரதி. அண்ணியின் கையெழுத்து பெரிது பெரிதாக இருக்கும், வரி கொஞ்சம் மேலே ஏறும். தன் பாகத்தை விற்க விரும்புவதாகவும், பாகப்பிரிவினைப் பத்திரத்தின் ஒன்பதாவது ஷரத்துப்படி நான் முப்பது நாளில் விலை சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தார். கீழே, 'பெற்றுக்கொண்டேன்' என்று நான் ஒப்பமிடுவதற்கு இடம் விட்டிருந்தார்.

"யாரு எழுதிக் குடுத்தாங்க அண்ணி?"

"யாரு எழுதுவாங்க? நீங்க எழுதின பத்திரத்தையே எடுத்து வச்சிக்கினு படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஒவ்வொண்ணையும் மூணு மூணு தபா சொல்லிக்கினு."

நான் ஒப்பமிட்டேன். வேறு என்ன செய்வது? வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் வரும். அதையும் மறுத்தால், மறுத்ததே பெற்றதற்குச் சமம். அதுவும் பத்திரத்தில் இருக்கிறது. பதினொன்றாவது ஷரத்து.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தெருவிலிருந்து பார்த்தால் ஒரே வீடு மாதிரி இருக்கும். உள்ளே, வாசலிலிருந்து பின்சுவர்வரை ஒரு சுவர் நேராக ஓடி அதை இரண்டாக்குகிறது. அப்பா காலமான பிறகு வைத்த சுவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி மூத்தவன் பங்கு பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். பிரிக்கிறவனுக்கு எது கிடைக்கும் என்று தெரியாததால் சமமாகப் பிரிப்பான் என்பது இதிலுள்ள ஞானம். அண்ணன் தறி ஓட்டுகிறவர். சேலையை மடிக்கிற மாதிரி முன்பக்க அகலத்தை அளந்து சரிபாதியில் சாக்பீஸால் கோடு போட்டார். பின்னால் கிணறு எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தாரா, பார்த்தும் விட்டுவிட்டாரா, எனக்குத் தெரியாது. "எந்தப் பக்கம்டா வோணும்?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் கிணற்றுப் பக்கம் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் சிரித்தார். கோபப்பட்டிருக்கலாம்.

பத்திரம் நான் எழுதினேன். ஒன்பதாவது ஷரத்து என் சொந்த மூளையில் உதித்தது. ஒருவர் தன் பாகத்தை விற்க விரும்பினால் மற்றவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த மற்றவர் முப்பது நாளில் ஒரு விலை சொல்ல வேண்டும். ஒரே விலை. தெரிவித்தவர் பிறகு தொண்ணூறு நாளுக்குள் இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும்: அந்த விலைக்குத் தன் பாகத்தை விற்கலாம், அல்லது அதே விலையைக் கொடுத்து மற்றவரின் பாகத்தைத் தானே வாங்கிக்கொள்ளலாம். விலை சொன்னவர் பின்வாங்க முடியாது. சொல்லாமலே இருந்துவிட்டால், தெரிவித்தவர் வைத்ததே விலை. மூத்தவன் பிரிக்க இளையவன் எடுக்கும் அதே வழக்கத்தைத்தான் பணத்துக்கு மாற்றியிருந்தேன். சார்பதிவாளர் படித்துவிட்டு, "பலே" என்றார். நானும் அதற்குத் தலையாட்டினேன்.

எழுதும்போது, அந்தக் கடிதத்தைக் கொடுக்கப்போகிறவன் நான்தான் என்று நினைத்திருந்தேன். அண்ணன் கையில் பணம் தங்காது. கூலி வாங்கிய அன்றே பாதி போய்விடும். என்றாவது ஒருநாள் நான் விற்கப்போவதாக எழுதிக் கொடுப்பேன், அவர் தடுமாறி அடிமாட்டு விலை ஒன்று சொல்வார், நான் ஆற அமர யோசித்து அவர் பாகத்தை வாங்கிக்கொள்வேன். விலை சொல்பவனுக்கு முப்பது நாளும் தேர்ந்தெடுப்பவனுக்குத் தொண்ணூறு நாளும் வைத்தது அதற்காகத்தான். அந்த நாள் வராமலே போனது. பையன் படிப்பு, அவன் கல்யாணம் என்று ஏதோ ஒன்று தள்ளிக்கொண்டே வந்தது. இப்போது தொண்ணூறு நாள் அண்ணிக்கு, முப்பது நாள் எனக்கு.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. எங்கள் பக்கத்தில் அறைக்கு அறை அவள் பிடித்து நடக்கக் கம்பி வைத்திருக்கிறேன். சென்னையில் பையன் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவள் ஷரத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"அப்போ அவங்க வாங்கிட்டா நாம வெளிய போணுமா?"

"வாங்கினா, ஆமா."

"உங்க கெட்டிக்காரத்தனத்துக்கு நான் மூட்டை கட்டணுமா? நல்லா இருக்குதே."

பிறகு கணக்குப் போட உட்கார்ந்தேன். கணக்கு என்றால் எனக்குப் பயமில்லை. பயம் வந்தது, எதை வைத்துப் போடுவது என்று தெரியாதபோதுதான். முப்பத்து மூன்று வருடம் இந்த ஊரில் கைமாறிய வீடுகளின் விலை எல்லாம் என் கண் வழியாகப் போயிருக்கிறது. அதில் உண்மையான விலை ஒன்றுகூட இல்லை. அரசாங்கம் வைத்த வழிகாட்டி மதிப்பை எழுதுவார்கள், மீதி ரொக்கமாகப் பையில் போகும். பை எவ்வளவு கனம் என்று அலுவலகத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது எங்கள் நடைமுறை. ஆகையால் சொந்தத் தெருவில் ஒரு பாதி வீடு என்ன விலை போகும் என்று தெரிந்துகொள்ள, இரண்டு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்துவிட்டு, டீக்கடையில் தரகர்களிடம் மற்றவர்களைப் போலவே விசாரித்தேன்.

தண்ணீர் இல்லாத பாதி, அதாவது அண்ணியுடையது, முப்பத்தைந்து லட்சம் போகும் என்றார்கள். கிணறும் மோட்டாரும் உள்ள பாதி நாற்பது, நாற்பத்தொன்று. இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். அண்ணியின் பாகத்துக்கு நியாயமான முப்பத்தைந்தைச் சொன்னால், நாற்பது பெறும் என் பாகத்தை அவர் முப்பத்தைந்துக்கு வாங்கிவிடலாம். புத்தியுள்ள எவரும் வாங்குவார்கள். அவர் வாங்காமல் இருக்க வேண்டுமென்றால் நாற்பதுக்கு மேல் சொல்ல வேண்டும். அப்போது முப்பத்தைந்து பெறும் பாகத்துக்கு நான் நாற்பதுக்கு மேல் அழ வேண்டும். இரண்டு பாதியும் சமமாக இருந்திருந்தால் இந்தச் சங்கடமே கிடையாது. சமமில்லாமல் போனதற்குக் காரணமானவன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

என்னிடம் ஓய்வுக்கால வைப்புத்தொகை முப்பது லட்சம் இருந்தது. அதன் வட்டியில்தான் மருந்தும் மின்சாரமும் ஓடின. பையனிடம் கேட்டால் கடன் வாங்கித் தருவான், தரும்போது பேசுவான்.

எல்லாம் அண்ணியிடம் பணம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பணமில்லாதவர் வாங்க முடியாது. அப்படியானால் முப்பது சொன்னாலும் விற்றுத்தான் ஆக வேண்டும். இதைத் தெரிந்துகொள்வதற்கு என் மனைவி வத்தக்குழம்பை எடுத்துக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்துப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். அரை மணி கழித்து வெறும் பாத்திரத்தோடு வந்தாள்.

"பணத்தப் பத்தி ஒண்ணும் பிடி குடுக்கல. பாத்ரூமுக்கு என்னா கலர் டைல்ஸ் நல்லா இருக்கும்னு கேட்டாங்க."

"அவங்க பாத்ரூமுக்கா?"

"நம்ம பாத்ரூமுக்கு."

அடுத்த நாள் நானே போனேன். தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருக்கும்போது யாரும் குறுக்கே போக முடியாது. பக்கத்து வாசலுக்குப் போவதற்கு, சுவரை ஒட்டி ஒருக்களித்து நகர வேண்டியிருந்தது.

அண்ணி காபி கொடுத்தார். நான் மகளைப் பற்றி விசாரித்தேன். மகளும் மாப்பிள்ளையும் ஓரிக்கையில் வீடு கட்டுகிறார்கள். மாப்பிள்ளைக்கு நல்ல சம்பளம்.

"அங்கயே போயிடலாம்னு இருக்கீங்களா அண்ணி?"

"போலாம். போவாமயும் இருக்கலாம்."

"மாப்பிள்ளை என்ன சொல்றாரு?"

"பேங்க்ல கேட்டுக்கினு இருக்காரு."

"எதுக்கு?"

"அதெல்லாம் எனக்கு என்னா தெரியும் தம்பி? நான் ஆறாவது படிச்சவ. நீங்க விலை சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்."

"உங்க மனசுல ஏதாவது இருந்தா..."

"என் மனசுல இருக்கறத கேக்கணும்னு பத்திரத்துல எங்கயும் போடலியே."

நான் காபியைக் குடித்தேன். அண்ணி சிரித்துக்கொண்டே டம்ளரை வாங்கினார். "உங்க அண்ணன் சொல்வாரு, இந்த வீட்டு பாகத்துல ஜரிகைக் கரை பூரா தம்பி பக்கம் போச்சி, வெறும் உடம்பு நம்ம பக்கம் நின்னுப் போச்சின்னு. குடம் தூக்கும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பாரு."

இருபத்தோராம் நாள் ஒரு வக்கீலிடம் போனேன். ஒரு காலத்தில் நகல் கேட்டு என் மேசை முன்னால் நின்றவர். பத்திரத்தைப் படித்தார். ஒன்பதாவது ஷரத்தில் நின்று, மறுபடி மேலே போய்ப் படித்தார்.

"சார், இத எழுதினவன் சாதாரண ஆளு இல்ல."

"செல்லுமா, செல்லாதா?"

"செல்லாதுன்னு வாதாடலாம். சொந்தச் சொத்த விக்கிறதுக்கு இவ்ளோ கட்டுப்பாடு வைக்க முடியாதுன்னு ஒரு பாயிண்ட் இருக்குது. இழுத்தா பத்து வருஷம் இழுக்கலாம். ஆனா எழுதினவர கூண்டுல ஏத்தி, எந்த எண்ணத்துல எழுதினீங்கன்னு கேப்பாங்க. அவரு இருக்காரா சார்?"

"இருக்காரு" என்றேன். பத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். அண்ணிக்கு எழுபது, எனக்கு அறுபத்தாறு. என் பத்திரம் செல்லாது என்று நானே படியேறிப் போய் நிரூபித்து, பத்து வருடம் கழித்து அந்தத் தீர்ப்பை வாங்கிக்கொள்ள எங்களில் யார் இருப்போம் என்பதும் கேள்வி.

மீதி ஒன்பது நாளும் விலை மாறிக்கொண்டே இருந்தது. காலையில் முப்பத்தாறு. அண்ணிக்கு வங்கி கடன் தராது, எழுபது வயது. மத்தியானம் நாற்பது. கடன் வாங்குவது மாப்பிள்ளை, அவருக்கு வயது நாற்பதுகூட இல்லை. பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டால் போய்ப் பார்ப்பேன். அண்ணி எப்போதும்போல் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பார். ஆனால் இறைத்துவிட்டு உடனே போகாமல் குடத்தைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்துக்கொண்டு எங்கள் தாழ்வாரத்தை அண்ணாந்து பார்ப்பதாக எனக்குத் தோன்றும். ஒருநாள் உண்மையாகவே பார்த்தார். "ஓடு மாத்தணும் போல இருக்குதே தம்பி" என்றார்.

விலை சொல்வதற்கு ஒரு சரியான வழி உண்டு, எனக்கு அது தெரியும். விற்றாலும் வாங்கினாலும் எனக்கு ஒன்றுதான் என்று தோன்றும் தொகையைச் சொல்ல வேண்டும். அப்போது எதிராளி எதை எடுத்தாலும் நஷ்டமில்லை. அப்படி ஒரு தொகையைத் தேடினேன். எத்தனை லட்சம் கொடுத்தால் இந்தக் கம்பிகளை விட்டு என் மனைவி மூன்று மாடி ஏறுவாள்? ஐம்பது கொடுத்தாலும் அவள் கால் ஏறாது. அப்படிப்பட்ட தொகை கிடையாது என்பது அண்ணிக்கும் தெரியும். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் இருமுவதைக்கூட அவர் முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

முப்பதாம் நாள் காலையில் நாற்பத்தொன்று என்று எழுதினேன். எண்ணாலும் எழுத்தாலும். என்னுடைய முப்பது, பையனுடைய பதினொன்று. பையன் எதிர்பார்த்தபடி பேசினான். "அப்பா, அந்தப் பாதி அவ்ளோ பெறாதுப்பா. ஊர்ல யார வேணா கேளுங்க" என்றான். ஊரைக் கேட்டாகிவிட்டது என்று சொன்னேன்.

அண்ணி கடிதத்தை வாங்கி, தொகையை மட்டும் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மடித்துக் காலண்டருக்குப் பின்னால் செருகினார். "தொண்ணூறு நாள் இருக்குது இல்ல?" என்றார். இருக்கிறது என்றேன்.

பிறகு நாங்கள் காத்திருந்தோம். மழை வந்தால் தாழ்வாரம் ஒழுகும், ஆனால் ஓடு மாற்ற மனம் வரவில்லை. யாருக்காக மாற்றுவது? மனைவி அலமாரியை ஒழிக்கவும் இல்லை, புதிதாக ஒன்று வாங்கி வைக்கவும் இல்லை. பருப்புகூடக் கால் கிலோவாக வாங்கினாள். கருடசேவை பார்க்க வந்த மாப்பிள்ளை, சாமி போன பிறகு எங்கள் வீட்டின் பக்கச் சந்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இரண்டு முறை நடந்தார். வாய் அசைந்தது. அடி எண்ணுகிறார் என்று மனைவி சொன்னாள். போனில் பேசியிருக்கலாம் என்று நான் சொன்னேன். கையில் போன் இல்லை என்பதை இருவரும் பார்த்திருந்தோம்.

ஆனி மாதக் கடைசி நாள் சாயங்காலம் அண்ணி எங்கள் வாசல் வழியாக வந்தார். கிணற்றுக்கு வரும் பின்கதவு வழியாக அல்ல. கையில் ஒரு வெள்ளைத் தாள் இருந்தது.

"நாளைக்கு ஆடி பொறக்குது. அப்புறம் வீடு விஷயம் எழுதக்கூடாது. இன்னிக்கே எழுதிடலாம்னு வந்தேன். பதில நீங்கதான் எழுதணும் தம்பி. தப்புத் தப்பா எழுதிட்டு அப்புறம் செல்லாமப் போச்சின்னா?"

"நானா? என்னன்னு எழுதறது?"

"எழுதுங்க, சொல்றேன்."

மனைவி சமையலறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. என் பெயருக்கு நானே கடிதம் எழுதினேன். 'தாங்கள் தெரிவித்த ரூபாய் நாற்பத்தொரு லட்சம் என்னும் விலையை ஏற்று, மேற்படி ஒன்பதாவது ஷரத்து எனக்கு அளித்துள்ள உரிமைப்படி' என்பதுவரை கை தானாகவே போனது. அதற்கு மேல் என்ன போடுவது என்று எனக்குத் தெரியாது. பேனாவைத் தூக்கிவைத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தேன்.

அண்ணி வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்தை, அறைக் கதவை, கடைசியாகக் கம்பியைப் பிடித்திருந்த கையை.

"முப்பத்தாறுன்னு நீங்க சொல்லியிருந்தா வாங்கியிருப்பேன் தம்பி" என்றார். "மாப்பிள்ளை முப்பத்தெட்டு வரைக்கும் ரெடி பண்ணி வச்சிருந்தாரு. நாப்பத்தொண்ணுன்ன உடனே, அத்தை, இவ்ளோ குடுக்கறவருகிட்ட வித்துட்டுப் போறதுதான் புத்தின்னுட்டாரு." தாளைக் கண்ணால் காட்டினார். "விக்கறேன்னு போடுங்க."

போட்டேன். அண்ணி முழுவதையும் ஒருமுறை படித்து, கீழே கையெழுத்திட்டு, பிரதியில் என் ஒப்பத்தை வாங்கிக்கொண்டார். தாமதம் வேண்டாம், ஆவணியில் பதிவு வைத்துக்கொள்ளலாம், முழுத் தொகையும் வங்கி வழியாகத்தான் வர வேண்டும், பை எல்லாம் வேண்டாம் என்றார். மனைவி காபி கலக்கப் போனாள். போகும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்று பார்த்தது போல இருந்தது என்று எழுத ஆசைதான். சாதாரணமாக, தூக்கம் வரப்போகிற ஒருத்தியின் முகமாக இருந்தது.

ஆவணியில் பதிவு முடிந்தது. வைப்புத்தொகை போய்விட்டது, அதோடு வட்டியும். பையனுக்கு மாதா மாதம் ஓய்வூதியத்தில் ஒரு பங்கு போகிறது. நடுச்சுவரை இடித்துவிடலாமா என்று கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். இப்போது இரண்டு பக்கக் கூரையும் அதன்மேல்தான் நிற்கிறது, தொடவே கூடாது என்றார். எனவே இந்தப் பக்கம் நாங்கள் இருக்கிறோம், அந்தப் பக்கம் பூட்டு தொங்குகிறது. வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பெருக்கிவிட்டு வருகிறேன்.

போன வாரம் பையன் போனில், பேசாமல் முழு வீட்டையும் விற்றுவிட்டு, போட்ட பணத்தை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே தரைத்தளத்தில் ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்றான். தரகர்களை மறுபடி விசாரித்தேன். அண்ணியின் பாதிக்கு முப்பத்தைந்தில்தான் நிற்கிறார்கள். அதை நாற்பத்தொன்றுக்கு வாங்கக்கூடிய ஆள் இந்த ஊரில் ஒருவன்தான் இருந்தான், அவன் ஏற்கெனவே வாங்கிவிட்டான்.